முதுகில் எழுதிய நாட்குறிப்பு

 

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என மதுரையைச் சூழ்ந்துள்ள சமவெளி ஊர்களில் எழுபது, எண்பது வயதைக் கடந்த மூதாட்டியர் பலரின் முன்கைகளை நீங்கள் கவனித்திருப்பீர்கள். முழங்கைக்குக் கீழே, பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் புள்ளிகளும் கோடுகளும் கோலம் போலப் பின்னிக் கிடக்கும். சிலர் கையில் தேள். சிலர் கையில் கணவரின் பெயர். கணவர் பெயரை வாயால் உச்சரிப்பது மரியாதைக் குறைவு என்று கருதிய காலத்துப் பெண்கள் அவர்கள். வாக்காளர் பட்டியல் எடுக்க வருபவர் பெயரைக் கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவது அவர்களுக்கு வசதியாகவும் இருந்திருக்கும்.

இப்பச்சையைக் குத்தியவர்கள் ஊர் ஊராகச் சென்ற குறவர் குலப் பெண்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட நூல்களில், மை தயாரிக்கும் முறையைப் பதிவு செய்திருக்கின்றார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தோய்த்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றிப் புதிய மண்பானையால் மூடுவார்கள். பானையின் உட்புறத்தில் படியும் கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை ஆயத்தம். நான்கைந்து ஊசிகளை ஒன்றாகக் கட்டிக் குத்துவார்கள். வலி தெரியாமலிருக்கப் பாட்டும் பாடுவார்கள்.

நம் இல்லங்களின் வாசற்படியை இவ்வழக்கம் தாண்டியதில்லை. பச்சை குத்துபவரும் குத்திக்கொள்பவரும் இறைவனின் சாபத்துக்கு உரியோர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் தொகுப்புகளும் பதிவு செய்துள்ளன. குறத்தி தெருவுக்கு வந்தால் நம் பெண்கள் ஊசி மணி வாங்கினார்கள், பாசி வாங்கினார்கள், கையை மட்டும் நீட்டவில்லை. கை சிவப்பதற்கு மருதாணி இருந்தது. பத்துப் பதினைந்து நாளில் அழிந்து, அடுத்த பெருநாளுக்கு மீண்டும் இட்டுக்கொள்ளும் சிவப்பு அது.

பின்னர் காலம் மாறியது. 1970களில் அ.இ.அ.தி.மு.க. தொண்டர்கள் தம் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று எம்.ஜி.ஆர். கேட்டுக்கொண்டபோது, அது ஆண்களின் கைக்கும் பெருமளவில் வந்தது. குத்திக்கொண்டவர்களுள் சிலர் பிறகு கட்சி மாறினார்கள், கொடி மாறவில்லை. முழுக்கைச் சட்டையின் பயனை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்! இன்றோ 'டாட்டூ' என்ற பெயரில், மின்சாரத்தால் இயங்கும் ஊசிக் கருவியோடு, குளிரூட்டப்பட்ட கடைகளாக மதுரை நகரத்துக்குள்ளேயே வந்தமர்ந்துவிட்டது. புள்ளியும் கோலமும் போய், கை முழுவதும், மார்பு முழுவதும், முதுகு முழுவதும் என்று விரிந்துவிட்டது.

இவ்வளவு முன்னுரை எதற்கென்றால், மதுரையிலிருந்து ஒரு தாய் நமக்கு எழுதியிருக்கும் நீண்ட கடிதத்துக்காகத்தான். பெயரும் தெருவும் வேண்டா. அவருடைய கணவர் சிறுநீரகக் கோளாறால் பல காலம் துன்புற்று, வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வஃபாத்தாகிவிட்டார். ஒரே மகன், இருபத்து மூன்று வயது. அண்மையில் மகன் காய்ச்சலில் படுத்திருந்தபோது, ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கச் சட்டையைக் கழற்றிய தாய் திகைத்து நின்றுவிட்டார். தோள் முதல் இடுப்பு வரை முதுகு முழுவதும் பச்சை. நடுவில் அத்தாவின் முகம். கீழே அவர் மறைந்த தேதி.

சில நாள்கள் கழித்துத் துணிகளை மடித்து வைக்கும்போது ஒரு குறிப்பேடும் கிடைத்திருக்கின்றது. ஏழு அமர்வுகள், நான்கு மாதங்கள். ஒவ்வோர் அமர்வின் தேதியும், எத்தனை மணி நேரம் குப்புறப் படுத்திருந்தான் என்பதும், எந்த இடத்தில் வலி மிகுந்தது என்பதும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. முதுகெலும்பின் மேலும் விலா எலும்பின் மேலும் ஊசி ஓடியபோது பல்லைக் கடித்துக்கொண்டதாகவும், அப்போதெல்லாம் சுத்திகரிப்புக்காக அத்தாவின் கையில் ஏறிய பெரிய ஊசிகளை நினைத்துக்கொண்டதாகவும் அதில் இருந்ததாம். அதைப் படித்த பிறகு திட்டுவதற்கு வாய் வரவில்லை என்று அந்தத் தாய் எழுதுகின்றார்.

இதைவிடப் பெரிய துயரம் வேறு. பச்சையை அழிக்கும்வரை தொழுகை கூடாது என்று யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டு, மகன் பல வாரங்களாக ஜும்ஆவுக்கே போகவில்லை. தொழுகை கூடுமா? அழித்தே ஆகவேண்டுமா? குறிப்பேட்டை எரித்துவிடலாமா? இவை அவர் கேட்பவை. நாளை மவுத்துக்குப் பின் குளிப்பாட்டுவோர் பார்ப்பார்களே என்ற அச்சமும், உம்ராவுக்கு அழைத்துச் செல்ல இயலுமா என்ற ஐயமும் கடிதத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கின்றன.

சகோதரி! முதலில் ஜும்ஆ. தொழுகை கூடாது என்று உங்கள் மகனிடம் சொன்னவர் யாராயினும், அவர் மார்க்கத்தையும் அறியவில்லை, மனிதரையும் அறியவில்லை. பச்சை குத்திக்கொண்டது பாவம்தான். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒரு பாவம் செய்தவருக்குத் தொழுகை என்னும் கடமை நீங்கிவிடும் என்று எந்த மத்ஹபும் கூறவில்லை. முதலாவதாக, உளூவில் கழுவப்படும் உறுப்புகளுள் முதுகு இல்லை. கடமையான குளிப்பில் முதுகை நனைக்க வேண்டும். அப்போதும் மை தோலின் மேல் பூச்சாகப் படிந்து தண்ணீரைத் தடுப்பதில்லை, தோலுக்குள் இருக்கின்றது. தண்ணீர் தோலைத் தொட்டுவிடுகின்றது.

அழிப்பது பற்றி இமாம்கள் பேசியிருப்பது இன்னும் நுட்பமானது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், இரத்தம் கலந்து உறைவதால் பச்சை குத்திய இடம் அசுத்தமாகிவிடுகின்றது என்றும், சிகிச்சையால் நீக்க முடிந்தால் நீக்கவேண்டும் என்றும் கூறுகின்றார்கள். அதே மூச்சில், நீக்குவதால் உயிருக்கோ உறுப்புக்கோ கேடு நேரும், வெளியே தெரியும் உறுப்பு மோசமாக விகாரப்பட்டுவிடும் என்ற அச்சமிருந்தால் நீக்குவது கடமையில்லை. தவ்பாச் செய்துவிட்டால் பாவம் எஞ்சாது என்றும் தெளிவுபடுத்துகின்றார்கள். ஹனஃபி மத்ஹபில் 19ஆம் நூற்றாண்டின் திமிஷ்க் நகரத்து அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களோ, கழுவினாலே அவ்விடம் தூய்மையாகிவிடும், கீறி அகற்றத் தேவையில்லை என்ற கருத்தினர். மதுரையில் இரு மத்ஹபினரும் அருகருகே வாழ்கின்றோம். உங்கள் மத்ஹபை அறிந்த ஓர் ஆலிமிடம் மகனையே நேரில் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டு வந்து சொல்வதைவிட அவர் கேட்டு வருவது நல்லது.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்தச் சாபம் பற்றிய செய்தியை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்தபோது, உம்மு யஃகூப் என்ற பெண்மணி நேரே அவர்களிடம் வந்து, நான் குர்ஆனை முழுமையாக ஓதியிருக்கின்றேன், நீங்கள் கூறுவதை அதில் காணவில்லையே என்று வழக்காடினார். தூதர் கொடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், தடுத்ததை விட்டு விலகுங்கள் என்னும் கருத்திலமைந்த இறைவசனத்தை அவர்கள் நினைவூட்டினார்கள். அத்துடனும் அப்பெண்மணி விட்டுவிடவில்லை. தடுக்கப்பட்டவற்றில் சில உங்கள் மனைவியிடமே இருக்கக்கூடும் என்றார். போய்ப் பாருங்கள் என்று வீட்டுக்குள் அனுப்பினார்கள், பார்த்தார், எதுவுமில்லை. ஒரு பெண் இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டதையும், கேட்கப்பட்டவர் சினம் கொள்ளாததையும் நம் தொகுப்புகள் மறைக்காமல் வைத்திருக்கின்றன.

இனி, மருத்துவ வழியில் அழிக்க முடியுமா என்பதைப் பார்ப்போம்.

நம் மேல்தோல் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றது. பச்சையின் மை அதற்குக் கீழேயுள்ள உள்தோலில் செலுத்தப்படுவதால் உதிர்வதில்லை. உடலின் காவல் அணுக்கள் வந்து மைத்துகளை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியாமல் சுமந்துகொண்டே இருக்கின்றன. அவை இறந்தால் சிந்தும் மையைப் புதிதாக வரும் அணுக்கள் விழுங்கிக்கொள்கின்றன. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளிடம் செய்த ஆய்வில் இதைக் கண்டறிந்தனர். நிலையாக நிற்பதுபோல் தோன்றும் அந்தப் படம், உள்ளுக்குள் கைமாறிக் கைமாறி நிற்கின்றது. மைத்துகளில் ஒரு பகுதி நிணநீர்க் கணுக்கள் வரைக்கும் சென்று தங்குவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

லேசர் ஒளியால் மைத்துகளை நுண்பொடியாக உடைத்தால், அவற்றை உடல் சிறிது சிறிதாக வெளியேற்றும். கறுப்பு மை ஓரளவு எளிதில் உடையும். பச்சை, மஞ்சள் நிறங்கள் பிடிவாதமானவை. ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி வேண்டும். சிறிய படத்துக்கே பல தடவைகள் தேவைப்படும். தீக்காயத்தைக் கணக்கிடும் மருத்துவர்கள், உடலின் பின்புறத்தை, அதாவது முதுகையும் இடுப்பின் பின்பகுதியையும் சேர்த்து, மொத்தத் தோற்பரப்பில் 18 விழுக்காடு என்று கொள்வார்கள். உங்கள் மகனின் படம் எவ்வளவு பெரிய நிலம் என்பது இதனால் விளங்கும். ஆண்டுக்கணக்கில் ஆகலாம், குத்திக்கொண்ட செலவைப்போல் பன்மடங்கு ஆகலாம். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு லேசர் பட்ட இடம் வெளுத்தோ கறுத்தோ போகும் வாய்ப்பும் மிகுதி. தகுதி பெற்ற தோல் மருத்துவரிடம் காட்டி, எவ்வளவு நீங்கும், எவ்வளவு தழும்பாகும் என்று கேட்டறியுங்கள். அந்த விடையோடு ஆலிமிடம் சென்றால்தான் அவரும் சரியான தீர்வைச் சொல்ல இயலும். அமிலம், சுண்ணாம்பு, அழிப்புக் களிம்பு என்று கடைகளில் கிடைப்பவற்றைத் தொடவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

குறிப்பேட்டுக்கு வருவோம். எரிக்காதீர்கள் சகோதரி. திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு, படித்துவிட்டேன் என்று மகனிடம் சொல்லிவிடுங்கள். பிறருடைய ஏட்டைப் பிரித்தது முறையா என்று நீங்களே வருந்தியிருக்கின்றீர்கள். படித்ததை மறைப்பதுதான் இனிமேல் முறையற்றதாகும்.

'டாட்டூ' என்ற சொல் தாஹித்தித் தீவு மக்களின் மொழியிலிருந்து வந்தது. 1769இல் கேப்டன் குக்கின் கப்பல் அத்தீவில் தங்கியபோது, அதில் சென்ற சிட்னி பார்க்கின்சன் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர் நாட்குறிப்பு எழுதிவந்தார். செடிகொடிகளையும் விலங்குகளையும் வரைவதற்காக அழைத்துச் செல்லப்பட்ட ஓவியர் அவர். தீவு மக்களைப் பார்த்துத் தாமும் தோழர்கள் சிலரும் கையில் குத்திக்கொண்டதையும், அதன் நிறம் எப்படியிருந்தது என்பதையும், தோலைச் சிதைக்காமல் அக்கறையை நீக்க இயலாது என்பதையும் அவர் எழுதி வைத்தார். தன் உடம்பில் குத்திக்கொண்ட பச்சையைத் தானே நாட்குறிப்பில் எழுதிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். 1771 ஜனவரியில், திரும்பும் வழியில், இருபத்தைந்து வயதளவில் நோயுற்றுக் கப்பலிலேயே இறந்தார். உடலைக் கடலில் விட்டார்கள். கையிலிருந்த பச்சையும் அதோடு போயிற்று. நாட்குறிப்பு 1773இல் அச்சேறியது. இரண்டரை நூற்றாண்டு கழித்து, மதுரைத் தாய் ஒருவருக்கு விடை எழுத நமக்கு அது பயன்படுகின்றது.

உங்கள் மகனும் இரண்டு இடத்தில் எழுதியிருக்கின்றார். ஏட்டில் எழுதியதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. அத்தாவின் சிரிப்பு, அவர் கடை திறக்கும் நேரம், காஜிமார் பள்ளிவாசலுக்கு அவரோடு நடந்து சென்ற வெள்ளிக்கிழமைகள் என்று எதை வேண்டுமானாலும் இன்னும் பத்து ஏடுகள் எழுதட்டும். நீங்களும் அவருக்குத் தெரியாதவற்றைச் சொல்லுங்கள். அவர் பிறப்பதற்கு முந்தைய அத்தாவை நீங்கள் மட்டும்தானே அறிவீர்கள்! துக்கத்தைப் பேச வீட்டில் இடமில்லாமல் போனதால்தான் அது முதுகுக்குப் போயிற்றோ என்று எனக்கு ஓர் எண்ணம். கத்தம் ஓதி முடித்து நாற்பது நாள் கழிந்ததும் வீட்டுப் பிள்ளைகளை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று வேறு சொல்லிவிடுகின்றோம். தந்தை மறைந்தபின் அவருடைய நண்பர்களோடு உறவைப் பேணுவது மிகச் சிறந்த நன்மை என்பது நபிமொழி. அத்தாவின் பழைய கூட்டாளிகள் மதுரையில்தான் இருப்பார்கள். அவர்களிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் வேறு இளைஞர்கள் இருந்து, இன்னும் கடைக்குப் போகாமல் யோசித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்குச் சில செய்திகள். சுத்தம் செய்யப்படாத ஊசியால் மஞ்சள் காமாலையின் பி, சி வகைகளும் எய்ட்ஸ் கிருமியும் பரவக்கூடும். திருவிழாத் திடல்களில் வரிசையாகப் பலருக்குக் குத்தும் இடங்களை நினைத்தாலே அச்சமாக இருக்கின்றது. பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டு காலம் இரத்த தானம் செய்யக்கூடாது என்று இந்தியாவின் தேசிய இரத்தமேற்றுக் குழுவின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகின்றது. அடிக்கடி இரத்த தான முகாம் நடத்தும் நம் இளைஞர் அமைப்புகள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தரைப்படையில் சேர விரும்புவோருக்கு முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே பச்சை அனுமதிக்கப்படுகின்றது. பழங்குடியினருக்குத்தான் விலக்கு உண்டு. முதுகு நிறையக் குத்திக்கொண்டவர் ஓட்டத்தில் முதலில் வந்தாலும் மருத்துவச் சோதனையில் திரும்ப வேண்டியதுதான்.

நம் பெண்மக்களுக்கும் ஒரு சொல். பெருநாளுக்கு 'கறுப்பு மருதாணி' என்று விற்கும் கூம்புகளை வாங்காதீர்கள். மருதாணி இலை கறுப்பாகப் பிடிப்பதில்லை. தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் வேதிப்பொருளை அதில் கலக்கின்றார்கள். சிலருக்குக் கொப்புளமாகி, கோலம் போட்ட வடிவத்திலேயே தழும்பு நின்றுவிடுகின்றது. விரும்பாமலே பச்சை குத்திக்கொண்டது போலாகிவிடும்.

குளிப்பாட்டுவோர் பற்றிய உங்கள் அச்சத்துக்கு விடை எளிது. மய்யித்தைக் குளிப்பாட்டுபவர் தாம் கண்ட குறையை வெளியில் சொல்லக்கூடாது என்பது அப்பணிக்குரிய ஒழுக்கம். அதை மறைப்பவருக்கு நற்கூலி உண்டு. இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தக் கவலை இப்போது எதற்கு? அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக.

உம்ரா போகலாம். பச்சை அதற்குத் தடையன்று. கணவர் இல்லாத உங்களுக்கு மஹ்ரமாக வரவேண்டியவரும் அவரே. இஹ்ராமில் ஆண்கள் இரண்டு தைக்காத துணிகளைத்தான் உடுத்துவார்கள். உம்ராவின் தவாஃபில் வலது தோளைத் திறந்து வைப்பது சுன்னத்து. அப்போது முதுகின் ஒரு பகுதி வெளியே தெரியும். அத்தாவின் முகமும் தெரியக்கூடும். தோளைத் திறக்காமல் மேலாடையால் நன்றாகப் போர்த்திக்கொண்டு வலம் வந்தாலும் தவாஃப் நிறைவேறிவிடும். நீளமும் அகலமும் கூடிய, கனமான பருத்தித் துணியாகப் பார்த்து எடுங்கள். மெல்லிய துணி வியர்வையில் ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காட்டிவிடும். தம்பிக்குக் கடவுச்சீட்டு இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.